இரண்டு பெட்டிகள்

2024ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் மக்களோடு பேசிக்கொண்டிருந்தேன். எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் கூட்டம் கலையும்வரை காத்திருந்து அருகில் வந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மனைவியை இழந்தவர், மக்கள் இருவரும் கடல் கடந்து வாழ்கின்றனர். "ஃபாதர், ஒரு மாலை வீட்டுக்கு வர முடியுமா? என்னிடம் ஒரு பொருள் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டும். இந்த வாரத்துக்குள் வந்தால் நல்லது. அதற்குப் பிறகு அது என் வீட்டில் இருக்காது" என்றார்.

பழைய சுரூபமாகவோ, முன்னோர் காத்துவந்த திருப்பண்டமாகவோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, புதன்கிழமை மாலை மயிலாப்பூர் லஸ் பகுதியிலுள்ள அவருடைய அடுக்ககத்துக்குச் சென்றேன். காப்பி கொடுத்தார். பின் உள்ளறையிலிருந்து நீண்ட மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, உணவு மேசையின்மேல் வைத்துத் திறந்தார். உள்ளே கரும்பச்சைக் கம்பளித் துணிப் படுக்கையில் ஒரு வேட்டைத் துப்பாக்கி கிடந்தது.

எனக்குத் துப்பாக்கிகளைப் பற்றி எதுவும் தெரியாது. ஆயினும் அது அழகானது என்று அறிவதற்கு அந்த அறிவு தேவைப்படவில்லை. அக்ரூட் மரத்தால் செய்த கட்டை. தேனில் புகை கலந்தாற்போன்ற நிறம். அதனுள் நீரோட்டம்போல் வரிவரியாக ஓடும் மரத்தின் ரேகை. இரும்புப் பகுதியில் கொடியும் இலையுமாகச் செதுக்கு வேலை. கை பிடிக்கும் இடத்தில் வியர்வையால் வழுக்காதிருக்க மிக நுண்ணிய கட்டங்கள் வெட்டப்பட்டிருந்தன. அந்தக் கட்டங்களின் முனைகள் இன்னும் கூர்மையாகவே இருந்தன. எந்தக் கையும் அவற்றைத் தேய்க்கவில்லை.

"இங்கிலாந்தில் செய்தது. என் தகப்பனார் ஆனைமலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அதிகாரியாக இருந்தார். 1950களின் நடுவில் ஊருக்குத் திரும்பிய ஆங்கிலேய மேலதிகாரி இதை அவருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா வேட்டைப் பிரியர். ஆனால் இதை எடுத்துக்கொண்டு ஒரே ஒருமுறைதான் காட்டுக்குப் போனார்."

அந்த ஒருமுறை நடந்ததையும் சொன்னார். மழைக்காலம். பாறை ஒன்றில் ஏறும்போது கட்டை கல்லில் உரசி, நகக்கண் அளவுக்கு ஒரு கீறல் விழுந்தது. சற்று நேரத்தில் எதிரே ஒரு கடமான் வந்து நின்றதாம். அவர் மானைப் பார்க்கவில்லை, கீறலைத் தடவிக்கொண்டிருந்தார். மான் போய்விட்டது. வீடு திரும்பியவர் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெயிட்டு, பெட்டியில் வைத்தார். அதன்பின் வேட்டைக்குப் போனபோதெல்லாம் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியைத்தான் எடுத்துச் சென்றார். இதை ஒரு நல்ல நாளுக்கென்று வைத்திருந்தார். அந்த நாள் வருவதற்குமுன் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் செய்யப்பட்ட திருத்தம் வேட்டை உரிமங்களையே இல்லாமல் செய்துவிட்டது.

"அப்பாவுக்குப் பிறகு உரிமம் என் பெயருக்கு வந்தது. நான் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் மாதம் ஒருமுறை எண்ணெய் போடாமல் இருந்ததில்லை. நம் கடற்காற்று பொல்லாதது, ஃபாதர்; இரண்டு மாதம் விட்டால் துருப் பிடிக்கும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பேன். முடிந்ததும் வாங்கி வருவேன். இந்தத் தேர்தலுக்கும் இந்த வாரம் கொடுக்க வேண்டும். திரும்ப வாங்குவதா என்று யோசிக்கிறேன். பிள்ளைகளுக்கு இது வேண்டாம்."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் கேள்வியைக் கேட்டார். "ஜிம் கார்பெட்டைப் படித்திருப்பீர்கள். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட பெண்புலியை 1907இல் சம்பாவத் ஊரில் சுட்டதற்காக துணைநிலை ஆளுநர் அவருக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். வெள்ளித் தகட்டில் பெயர் பொறித்த பரிசு. கார்பெட் அதைக் கண்ணாடிக்குள் வைக்கவில்லை. அதைத் தோளில் சுமந்துகொண்டே ஆண்டுக்கணக்கில் மலைகளில் அலைந்தார். என் தகப்பனாருக்கும் ஒரு பரிசு கிடைத்தது. அவர் பெட்டியில் வைத்தார், நானும் வைத்தேன். எழுபது வருடம். இது காப்பாற்றப்பட்டதா, வீணடிக்கப்பட்டதா? எனக்குத் தெரிய வேண்டும்."

குருக்களாகிய எங்களுக்கு ஒரு நோய் உண்டு. கேள்வி முடிவதற்குள் விடை ஆயத்தமாகிவிடும். பூவிருந்தவல்லிக் குருமடத்தில் இறையியல் பயின்ற நாட்களில் புனித அகுஸ்தினாரிடமிருந்து கற்ற பாகுபாடு ஒன்று உடனே நினைவுக்கு வந்தது. உலகிலுள்ளவற்றுள் சில பயன்படுத்தத் தக்கவை. சில துய்க்கத் தக்கவை. பயன்படுத்த வேண்டியதைத் துய்க்கத் தொடங்குகிறவன், வீடு திரும்பும் வழியில் வண்டியின் சொகுசில் மயங்கி வீட்டையே மறந்துவிட்ட பயணியைப் போன்றவன். இதை எடுத்துச் சொன்னேன். நிலத்தில் தாலந்தைப் புதைத்துவைத்த ஊழியனையும் துணைக்கு அழைத்தேன். அதோடு நில்லாமல், தமிழும் எனக்குத் தெரியும் என்று காட்ட, ஔவையாரையும் இழுத்தேன்.

புறநானூற்றில் வரும் அந்தக் காட்சியை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை ஔவைக்குக் காட்டுகிறான். அங்கே வேல்களெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவலோடு வரிசையாக நிற்கின்றன. ஔவையோ, அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்வதுபோல் பழித்தது அது. "பார்த்தீர்களா? ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை சொல்லியாயிற்று. முறிந்த வேலுக்குத்தான் பெருமை, நெய் பூசிய வேலுக்கு அல்ல" என்று முடித்தேன்.

பெரியவர் மெல்லச் சிரித்தார். "என் மனைவி தமிழாசிரியை, ஃபாதர். அந்தப் பாட்டை அவள் நடத்தியதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வாள். ஔவையார் அங்கே எதற்காகப் போனார்? அதியமானுக்காகத் தூது போனார். தொண்டைமானைப் போருக்கு வராமல் தடுக்கப் போனார். முறிந்த வேலை அவர் புகழ்ந்தது, இன்னொரு வேல் முறியாமல் இருப்பதற்காக."

நான் வாயடைத்துப் போனேன். அந்தப் பாட்டைப் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அது ஒரு தூதுப் பாட்டு என்பதை ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை.

விடைபெற எழுந்தபோது அவர் இன்னொன்றையும் சொன்னார். உண்மையில் அதைச் சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறார் என்று பிறகு விளங்கியது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஊரை மூழ்கடித்தபோது, அவர் கோட்டூர்புரத்தில் ஒரு தரைத்தள வீட்டில் இருந்தார். மனைவி இறந்து இரண்டாம் ஆண்டு. இரவில் நீர் கதவைத் தாண்டி உள்ளே வந்தது. மாடி வீட்டார் மேலே வருமாறு கூவினர். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஒருமுறைதான் ஏற முடிந்தது. மறுபடி இறங்க அவர்கள் விடவில்லை. அவர் எடுத்துச் சென்றது இந்தப் பெட்டியை. மனைவி முப்பது ஆண்டுகளாகத் தம் கையால் எழுதிய பாடக் குறிப்பேடுகள் கீழே அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. மூன்றாம் நாள் நீர் வடிந்தபின் அவற்றில் ஒரு வரியையும் வாசிக்க இயலவில்லை.

"ஔவையார் தூது போன கதை அந்தக் குறிப்பேட்டில் இருந்தது, ஃபாதர். இப்போது என் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. நான் தூக்கிக்கொண்டு ஓடியது இதை." பெட்டியை மூடினார்.

அன்று மாலை நான் நேரே இல்லம் திரும்பவில்லை. கச்சேரி சாலை வழியே நடந்து, சாந்தோம் பேராலயத்துக்குப் பின்னால் கடற்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேட்டையைப் பற்றிய ஒரு பழங்கதை இந்த மண்ணுக்கே உரியது என்பது அங்கேதான் நினைவுக்கு வந்தது.

நம் திருத்தூதர் தோமா ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்துறந்தார் என்றே நாம் அறிவோம். பழைய சிரியமொழி ஏடான 'தோமாவின் பணிகள்' அரசன் ஆணையால் வீரர்கள் அவரை ஈட்டிகளால் குத்தியதாகச் சொல்கிறது. அந்த மரபை ஒட்டியே பேராலயத்தில் ஓர் ஈட்டிமுனை திருப்பண்டமாகப் போற்றப்பட்டு வருகிறது. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ வேறொரு கதையைப் பதிவுசெய்திருக்கிறார். திருத்தூதரின் கல்லறை இருந்த சிற்றூரின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. அது மயிலாப்பூர்தான் என்பதில் ஆய்வாளர்களுக்குப் பெரும்பாலும் ஐயமில்லை. அந்தக் கதையின்படி, தோமா தம் குடிலுக்கு வெளியே சோலையில் செபித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மயில் வேட்டைக்கு வந்த ஒருவன், அங்கே ஒரு மனிதர் இருப்பதைக் காணாமல், மயிலைக் குறிபார்த்து அம்பெய்தான். அம்பு திருத்தூதரின் வலப்பக்கத்தில் தைத்தது.

இவற்றுள் எது நடந்தது என்று ஆராய்வது என் நோக்கம் அன்று. மயிலின் பெயர் தாங்கிய ஊரில், மயிலுக்கு எய்த அம்பு ஒரு புனிதரைக் கொன்றது என்று மக்கள் சொல்லிவந்தார்கள். அதுவே என்னைத் தைத்தது. அந்த வேடன் கொடியவனாகச் சித்திரிக்கப்படவில்லை. அவன் தன் கருவியை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே பயன்படுத்தினான். குறியும் மயிலின்மேல்தான் இருந்தது. மயிலுக்கு அப்பால் யார் இருக்கிறார் என்பதை மட்டும் அவன் பார்க்கவில்லை.

பெரியவருக்கு நான் சொன்ன விடையின் குறை அப்போது புலப்பட்டது. ஒரு பொருள் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்குப் பயன்பட வேண்டும் என்பது பாதி உண்மை. பயன்படுத்துகிறவனின் கையையும் பொருளின் அழகையும் மட்டும் பார்த்து நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மறுமுனையில் நிற்பவரை மறந்தேன். சம்பாவத்தில் கார்பெட்டின் துப்பாக்கிக்குப் பின்னால், மாலையானால் கதவடைத்துக்கொண்டு நடுங்கிய கிராமங்கள் இருந்தன. அங்கே சுடுவது காவல். ஆனைமலைக் காட்டில் கீறலைத் தடவிக்கொண்டு நின்றவருக்கு எதிரே, யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு கடமான் நின்றது. அந்த மான் பிழைத்ததற்குக் காரணம் இரக்கம் என்று சொல்ல முடியாது. பளபளப்பு கெடுமே என்ற கவலைதான். ஆயினும் மான் பிழைத்தது. கடவுள் சில வேளைகளில் நம் அற்பத்தனத்தைக்கொண்டும் ஓர் உயிரைக் காக்கிறார் போலும்.

இந்த நகரமும் அந்தப் பாடத்தை மெல்ல மெல்லத்தான் கற்றது. அடையாற்றின் தென்கரைக்கு அப்பால் கிண்டியில் இன்றும் புள்ளிமான்களும் வெளிமான்களும் திரிகின்றன. ஒரு காலத்தில் ஆளுநர்களின் வேட்டைக்காடாக இருந்த நிலத்தில் எஞ்சிய பகுதி அது. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதே அடையாற்றில் கலாக்ஷேத்திராவை நடத்திய ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் விலங்கு வதைக்கு எதிராக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1960இல் அமைந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தது அதுதான். 1963இல் மயில் நம் தேசியப் பறவை ஆயிற்று. இன்று மயிலைச் சுடுவது கடுந்தண்டனைக்குரிய குற்றம். எந்த ஊரில் மயிலுக்கு எய்த அம்பின் கதை பிறந்ததோ அந்த ஊரில், அழகான துப்பாக்கி ஒன்று சுடப்படாமலே முதுமை அடைந்திருக்கிறது என்றால், அதை வீண் என்று எப்படிச் சொல்வேன்?

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் இது பெரியவரின் கதையாக மட்டும் இருந்துவிடும். ஆனால் அன்றிரவு என் அறைக்குத் திரும்பி விளக்கைப் போட்டதும், அலமாரியின் மேல்தட்டில் இருந்த இன்னொரு பெட்டி என் கண்ணில் பட்டது.

அது என் திருக்கிண்ணத்தின் பெட்டி. 1998இல் நான் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது, என் அம்மா தம்மிடமிருந்த இரண்டு வளையல்களையும் ஓர் அட்டிகையையும் விற்றுச் செய்வித்தது. செங்கற்பட்டுப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பா முன்பே இறந்துவிட்டார். வளையல் இல்லாத கையோடு அம்மா அன்று காணிக்கைப் பவனியில் நடந்து வந்தது இன்றும் கண்முன் நிற்கிறது. வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசிய கிண்ணம். தண்டில் திராட்சைக் கொடி. பாதத்தில் கோதுமைக் கதிர்கள். அடிப்புறத்தில் பெற்றோர் பெயர். அதில் நான் ஒப்புக்கொடுத்தது ஊரில் நடந்த முதல் நன்றித் திருப்பலி ஒன்றைத்தான். பிறகு அது பெட்டிக்குள் போயிற்று. பங்கு ஆலயங்களின் திருப்பொருள் அறையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பீடச் சிறுவர்கள் எதையும் கீழே போடுவார்கள். கழுவுகிறவர் நாரால் தேய்ப்பார். ஆலயத்தில் இருந்த சாதாரணக் கிண்ணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா கேட்பார். குருவான நாளிலிருந்து மகனைப் பெயர் சொல்லி அழைத்தவரில்லை. "சாமி, அந்தக் கிண்ணத்துல பூசை வச்சீங்களா?" என்பார். "பெரிய திருநாளுக்கு எடுப்பேன் அம்மா" என்பேன். கிறிஸ்து பிறப்பு வரும்; பாஸ்கு வரும்; பங்குத் திருவிழா வரும். கூட்டமும் அவசரமும் இருக்கும். இன்று வேண்டாம், அடுத்த முறை எடுப்போம் என்று தோன்றும். பொய் சொல்லவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2017இல் அம்மா இறந்தார். அடக்கத் திருப்பலிக்கு அந்தக் கிண்ணத்தை எடுத்துச் சென்றேன். உட்புறத்துத் தங்கம் நேற்றுப் பூசியதுபோல் மின்னியது. திருப்பலி முடிந்து கல்லறைக்குப் புறப்படும்போது என் சித்தி அதைப் பார்த்துவிட்டு, "புதுக் கிண்ணமா சாமி? நல்லா இருக்கு" என்றார். அவர் கள்ளமின்றித்தான் கேட்டார். எனக்கோ, மூடிய பெட்டிக்குள்ளிருந்து அம்மாவே கேட்டதுபோல் இருந்தது. பத்தொன்பது ஆண்டுகள்! ஒரு தேய்மானமும் இல்லை. அந்தப் புதுமைதான் என்மீது சாட்டப்பட்ட குற்றம்.

இதற்குப் பிறகாவது திருந்தினேனா? இல்லை. ஊரிலிருந்து வந்ததும் கிண்ணத்தை மறுபடியும் பெட்டியில் வைத்தேன். முன்பு அது விலையுயர்ந்தது என்பதால் வைத்தேன்; இப்போது அம்மாவின் நினைவு என்பதால் வைத்தேன். காரணம் உயர்ந்துவிட்டது, செயல் மாறவில்லை. பெரியவர் வெள்ளத்தில் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று கேட்டபோது அவருக்காக வருந்திய நான், அன்றிரவு அந்தப் பெட்டியைக் கீழே இறக்கினேன்.

திறந்து பார்த்தால் கிண்ணத்தின் பாதம் கறுத்திருந்தது. முலாம் மெல்லியதாக இருந்த இடங்களில் வெள்ளி காற்றுப்பட்டு நிறம் மாறியிருந்தது. பயன்படுத்தாமல் வைத்தால் கெடாது என்று நான் நம்பியிருந்ததும் பொய்யாயிற்று.

மறுவாரம் அதைத் தியாகராய நகருக்கு எடுத்துச் சென்றேன். உஸ்மான் சாலையின் பெரிய நகை மாளிகைகளுக்குப் பின்னால், ஒரு சந்தில், ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய அறையில் முலாம் பூசும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நாளா பெட்டியில வச்சிட்டீங்க போல. தினமும் கழுவித் துடைச்சிருந்தா இப்படிக் கறுத்திருக்காது" என்றார். முலாம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்டேன். "தினம் பயன்படுத்தினா சில வருசத்துல தேயும். தேஞ்சா கொண்டாங்க, போட்டுத் தர்றேன். தேயாமலே இருந்தா எனக்கு என்ன வேலை இருக்கு, சொல்லுங்க?"

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் கற்றபோது வறண்டதாகத் தோன்றிய ஒரு விதி அந்தச் சந்தில் எனக்கு உயிர்பெற்றது. முலாம் தேய்ந்த திருக்கிண்ணம் தன் அர்ப்பணத்தை இழந்துவிடுமோ என்று ஒரு காலத்தில் ஐயம் எழுந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதற்குத் தெளிவாக விடை தந்தது: முலாம் தேய்வதாலோ மீண்டும் பூசப்படுவதாலோ கிண்ணம் அர்ப்பணத்தை இழப்பதில்லை; தேய்ந்தால் மீண்டும் பூசும் கடமை மட்டும் உண்டு. எத்துணை அழகான நீதி! பயன்பாட்டில் வரும் தேய்மானம் தூய்மைக் குறைவு ஆகாது. 4ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் புனித அம்புரோசியார் ஆலயத்தின் திருப்பாத்திரங்களையே உருக்கி, சிறைபிடிக்கப்பட்டவர்களை மீட்கப் பணமாக்கினார். பழி வந்தபோதும் அஞ்சவில்லை. அவர் அந்தப் பாத்திரங்களை இழந்தார் என்று எவரும் சொல்வதில்லை.

துப்பாக்கியும் கிண்ணமும் ஒரேவகைப் பெட்டிகளில்தான் கிடந்தன. அவற்றை மூடிவைத்த கைகளின் அச்சமும் ஒன்றே: கீறல் விழுமே என்பது. ஆனால் ஒன்றைத் திறக்காததால் ஓர் உயிர் பிழைத்தது. மற்றதைத் திறக்காததால் ஒரு தாய் ஏமாந்தார். எனவே, அழகிய பொருளைப் பயன்படுத்துவதா, காத்துவைப்பதா என்று இனி யாராவது கேட்டால், நான் உடனே விடை சொல்ல மாட்டேன். அதன் மறுமுனையில் யார் நிற்கிறார் என்று கேட்பேன். குறிக்கு எதிரே நிற்பவரா, கையேந்தி நிற்பவரா?

பாஸ்கு முடிந்து சில வாரங்களில் பெரியவர் என்னைத் தேடி வந்தார். நான் சொன்னது தவறு என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். "வீணாகவில்லை, ஐயா. அதற்கு வாய்த்த நல்ல நாள் சுடப்படாத நாள்தான்" என்றேன். அவர் தலையசைத்தார். தேர்தல் முடிந்தும் துப்பாக்கியைத் திரும்பப் பெறாமல், உரிமத்தையே ஒப்படைக்க விண்ணப்பம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கடைசியாக ஒருமுறை எண்ணெயிட்டுத் துடைத்துக் கொடுத்தாராம். "வாங்கிக்கொண்ட காவலர் சின்னப் பையன். 'எவ்வளவு அழகா இருக்கு சார்'ன்னு சொன்னான். அப்பாவுக்குக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்."

மாதம் ஒருமுறை எண்ணெயிட்ட அந்த மாலைப்பொழுதுகளில் இப்போது அவர் வேறொரு வேலை செய்கிறார். மனைவியிடம் தமிழ் படித்த பழைய மாணவியருக்குக் கடிதம் எழுதுகிறார். அவர் வகுப்பில் சொன்னவற்றுள் நினைவில் இருப்பதையும், அன்று எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகளையும் அனுப்பிவைக்கும்படி வேண்டுகிறார். பதினொரு பேர் பதில் எழுதியிருக்கின்றனர். ஒருவரிடம் ஒரு முழு நோட்டுப் புத்தகம் இருந்ததாம். அதில் ஔவையார் தூது போன பாடமும் இருந்தது. அதைப் பிரதியெடுத்து எனக்கும் ஒன்று கொடுத்தார்.

அம்மாவின் கிண்ணத்தில் இப்போது நாள்தோறும் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறேன். அக்டோபர் மாதத்தில் ஒரு காலைத் திருப்பலியின் முடிவில், புதிதாகச் சேர்ந்த பீடச் சிறுவன் ஒருவன் அதைத் தூக்கிச் செல்லும்போது கதவு நிலையில் இடித்துவிட்டான். பாதத்தின் ஓரத்தில் கோதுமைக் கதிர் ஒன்றின்மேல் சிறிய நெளிவு விழுந்தது. சிறுவன் முகம் வெளிறி நின்றான். எனக்கும் ஒரு கணம் நெஞ்சு துணுக்குற்றது. பிறகு, "பரவாயில்லை தம்பி, நாளைக்கும் நீதான் எடுத்துவர வேண்டும்" என்றேன்.

கிண்ணத்தை உயர்த்தும்போது என் விரல் அந்த நெளிவின்மேல் படுகிறது. அம்மா கேட்ட கேள்விக்குத் தாமதமாகவேனும் நான் சொல்லும் பதில் அது.